வைஃபை பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால்: எந்த இணைப்பு அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை

கேள்வி இதுதான்: வீட்டு ரவுட்டரை மாற்றியதிலிருந்து, கணினியில் அச்சுக் கொடுத்தால் வைஃபை பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்றே காட்டுகிறது, கைபேசியிலிருந்து கொடுத்தால் அச்சாகிறது, டிரைவரை (பிரிண்டரை இயக்கக் கணினியில் நிறுவப்படும் மென்பொருளை) நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்தும் பயன் இல்லை, இனி என்ன செய்வது?

கணினியும் பிரிண்டரும் வழக்கமாக ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை, இரண்டும் ரவுட்டர் வழியாகவே பேசுகின்றன என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எனவே பிரிண்டருக்கும் ரவுட்டருக்கும் இடையே ஓர் இணைப்பு, கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே இன்னோர் இணைப்பு, இவற்றின் மேல் கணினிக்குள் பதிவாகியிருக்கும் பிரிண்டரின் முகவரி என மூன்று இடங்களில் எங்கு வேண்டுமானாலும் பழுது இருக்கலாம். மூன்றுக்கும் கணினி ஒரே சொல்லைத்தான் திரையில் காட்டும். ‘ஆஃப்லைன்’ என்பதற்குப் பிரிண்டர் அணைந்திருக்கிறது என்று பொருள் இல்லை. கணினி தன்னிடம் இருக்கும் முகவரியில் கூப்பிட்டுப் பார்த்தது, பதில் வரவில்லை என்பது மட்டுமே பொருள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் நேராக டிரைவரில் கை வைப்பதால்தான் பலருக்கு ஒரு மாலைப் பொழுதே வீணாகிறது. என் கணிப்பில் டிரைவர் கடைசியில் சந்தேகிக்க வேண்டிய ஒன்று, அதுவும் நேற்று வரை அச்சிட்டுக்கொண்டிருந்த பிரிண்டராக இருந்தால்.

கைபேசியிலிருந்து அச்சாகிறது என்ற தகவல் மதிப்புள்ளது, ஆனால் அதை ஒரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும். கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அது வீட்டு வைஃபையில்தான் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகு அச்சுக் கொடுத்துப் பாருங்கள். சில கைபேசிச் செயலிகள் இணையம் வழியாகத் தயாரிப்பாளரின் சேவையகத்துக்குப் போய் அங்கிருந்து பிரிண்டரை அடைகின்றன; சில கைபேசிகள் ‘வைஃபை டைரக்ட்’ முறையில், ரவுட்டரைத் தொடாமலே பிரிண்டருடன் நேராக இணைந்துவிடுகின்றன. வைஃபை பட்டியலில் ‘டைரக்ட்’ என்று தொடங்கும் பெயர் ஒன்று தெரிந்தால் அது பிரிண்டர் தானே உருவாக்கும் தனி வலையமைப்பு. அந்த வழியில் அச்சாகியிருந்தால், பிரிண்டர் ரவுட்டரோடு இணைந்திருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. வீட்டு வைஃபை வழியாகவே அச்சாகிறது என்றால் மட்டும் பிரிண்டர் பக்கத்தை விட்டுவிட்டுக் கணினிப் பக்கத்தில் தேடலாம்.

அடுத்துச் செய்ய வேண்டியது, பிரிண்டரின் ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, பிரிண்டரிடமே கேட்டு வாங்குவது. திரை உள்ள பிரிண்டர்களில் நெட்வொர்க் அல்லது வயர்லெஸ் அமைப்புகளுக்குள் இது இருக்கும். திரை இல்லாதவற்றில் வைஃபை பட்டனையோ தகவல் பட்டனையோ சில விநாடிகள் அழுத்தினால் நெட்வொர்க் விவரங்களைத் தாளில் அச்சிட்டுத் தரும். எந்தப் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் 192.168.1.37 போன்ற ஓர் எண் இருந்தால் ரவுட்டர் அதற்கு முறையாக முகவரி கொடுத்திருக்கிறது. 0.0.0.0 என்றிருந்தால் இணைப்பே இல்லை. 169.254 என்று தொடங்கினால் முகவரி கேட்டு யாரும் தராததால் பிரிண்டர் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் சில பிரிண்டர்களில் வைஃபை விளக்கு நிலையாக எரிந்து எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் கணினி அதை அடைய முடியாது.

அதே தாளில் எந்த வைஃபை பெயரோடு பிரிண்டர் இணைந்திருக்கிறது என்பதும் இருக்கும். அதைக் கணினி இணைந்திருக்கும் பெயரோடு ஒப்பிடுங்கள். விருந்தினர் வலையமைப்பில் ஒன்றும் முதன்மை வலையமைப்பில் மற்றொன்றும் இருந்தால் இரண்டும் சந்திக்கவே முடியாது, ஏனெனில் விருந்தினர் வலையமைப்பின் நோக்கமே வீட்டுக் கருவிகளை மறைத்துவைப்பதுதான். பழைய ரவுட்டரும் புதிய ரவுட்டரும் ஒருசேர ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளிலும் இதேதான் நடக்கும்: கணினிக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரி, பிரிண்டருக்கு 192.168.0 என்று தொடங்கும் முகவரி. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) கட்டளையைக் கொடுத்தால் கணினியின் முகவரி தெரியும். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் முதல் மூன்று எண்களும் இரண்டு கருவிகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், கடைசி எண் மட்டும் வேறுபட வேண்டும்.

இரண்டும் ஒரே வலையமைப்பில் இருந்தால், கணினியின் உலாவியில் பிரிண்டரின் ஐபி முகவரியைத் தட்டச்சிட்டுப் பாருங்கள். பெரும்பாலான வைஃபை பிரிண்டர்களுக்குள் ஒரு சிறிய வலைப்பக்கம் இருக்கிறது. மை அளவு, நெட்வொர்க் அமைப்புகள் எல்லாம் அதில் தெரியும். பாதுகாப்புச் சான்றிதழ் பற்றி உலாவி எச்சரித்தால் அஞ்ச வேண்டாம், சான்றிதழைப் பிரிண்டர் தானே உருவாக்கியிருப்பதால் வரும் எச்சரிக்கை அது. நூறு யூகங்களை விட இந்த ஒரு சோதனை அதிகம் சொல்லிவிடும். பக்கம் திறந்துவிட்டால் வைஃபை, ரவுட்டர், பிரிண்டர் மூன்றும் சரியாக இருக்கின்றன, கோளாறு கணினியின் அச்சு அமைப்பில்தான் என்று முடிவு கட்டிவிடலாம். திறக்காவிட்டால் கமாண்ட் ப்ராம்ப்டில் அதே முகவரிக்கு ‘பிங்’ (ping) கட்டளை கொடுங்கள், அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று அது கேட்டுப் பார்க்கும். மில்லி விநாடிக் கணக்கோடு பதில் வந்தால் பாதை திறந்திருக்கிறது, பிரிண்டரின் வலைப்பக்கம் மட்டும் அணைத்துவைக்கப்பட்டிருக்கலாம். ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று, அதுவும் உங்கள் கணினியின் சொந்த முகவரியிலிருந்தே பதில் வந்தால், அந்த முகவரியில் கூப்பிட்ட குரலுக்கு யாரும் செவிசாய்க்கவில்லை என்று பொருள்: பிரிண்டர் வைஃபையிலிருந்து விழுந்திருக்கிறது, அல்லது கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுக்கிறது.

ரவுட்டர் மாற்றிய பிறகு தொடங்கிய சிக்கல், கைபேசியில் அச்சாகிறது, கணினியில் இல்லை என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, இந்தக் கேள்வியில் நான் முதலில் சந்தேகிப்பது கணினியில் பதிவாகியிருக்கும் பழைய முகவரியைத்தான். விண்டோஸில் ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு ‘போர்ட்’ ஒதுக்கப்பட்டிருக்கும்; அச்சு வேலையை எங்கே அனுப்ப வேண்டும் என்பது அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. செட்டிங்ஸில் ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ பகுதிக்குப் போய், உங்கள் பிரிண்டரைத் தேர்ந்து, ‘பிரிண்டர் ப்ராபர்ட்டீஸ்’ என்பதைத் திறந்தால் ‘போர்ட்ஸ்’ என்ற தாவல் இருக்கும். அந்தப் பட்டியலில் டிக் குறி விழுந்திருக்கும் வரியைப் பாருங்கள். பிரிண்டர் அச்சிட்டுத் தந்த தாளில் 192.168.1.37 என்றிருக்க, இங்கே 192.168.0.24 என்றிருந்தால் வேறு ஆராய்ச்சியே தேவையில்லை. கைபேசி ஒவ்வொரு முறையும் பிரிண்டரைப் புதிதாகத் தேடிக் கண்டுபிடிப்பதால் அதற்கு முகவரி மாறியது ஒரு பொருட்டே இல்லை. கணினியோ என்றைக்கோ எழுதிவைத்த முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. டிரைவரை நீக்கினாலும் பழைய போர்ட் பல நேரங்களில் கணினியிலேயே தங்கிவிடும், மறுபடி நிறுவும்போது அதுவே திரும்ப ஒட்டிக்கொள்ளவும் கூடும் என்பதால்தான் மறுநிறுவல் பலன் தராமல் போயிருக்கலாம்.

சரிசெய்வது எளிது. அதே தாவலில் ‘ஆட் போர்ட்’ என்பதை அழுத்தி, ‘ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்’ என்பதைத் தேர்ந்து, தாளில் உள்ள முகவரியை இட்டு முடித்தால் புதிய போர்ட் உருவாகி அதில் டிக் குறி விழும். பட்டியலில் ‘டபிள்யூஎஸ்டி’ என்று தொடங்கும் போர்ட் ஒன்றில் குறி இருந்தால் அதையும் இப்படியே மாற்றிவிடுவது நல்லது. டபிள்யூஎஸ்டி என்பது பிரிண்டரைத் தானாகக் கண்டறிவதற்கான ஏற்பாடு. 3702 எண்ணுள்ள யுடிபி போர்ட் (இங்கே போர்ட் என்பது வலையமைப்பில் தரவு போய்வரும் எண்ணிட்ட வாயில்) வழியாக வலையமைப்பு முழுவதற்கும் அறிவிப்பு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும். அந்த அறிவிப்பு எங்காவது தடைபட்டால், பிரிண்டர் நலமாக இருக்கும்போதே கணினி அதை ஆஃப்லைன் என்று முடிவு செய்துவிடுகிறது. நிறுவும் நேரத்தில் வசதியாகத் தோன்றினாலும், நீண்டகாலப் பயன்பாட்டுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. நேரடி ஐபி போர்ட்டில் இந்தத் தேடலே இல்லை. தரவு பெரும்பாலும் 9100 என்ற போர்ட்டுக்கு நேராகப் போகிறது.

போர்ட்டை மாற்றிய பிறகும் முகவரி சரியாக இருக்க, வலைப்பக்கமும் திறக்க, ஆஃப்லைன் என்ற சொல் மட்டும் விலகாமல் இருந்தால், ‘கான்ஃபிகர் போர்ட்’ என்பதைத் திறந்து ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு’ என்ற பெட்டியில் உள்ள குறியை எடுத்துப் பாருங்கள். தாள் இருக்கிறதா, மை இருக்கிறதா என்று விண்டோஸ் அந்த வழியில் விசாரிக்கிறது. பிரிண்டர் அதற்குப் பதில் சொல்லாவிட்டால் அது இல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. குறியை எடுப்பதால் அச்சு வேலைக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

இதே இடத்தில் கவனிக்க வேண்டிய மற்றொன்று, பட்டியலில் ஒரே பிரிண்டர் இரண்டு மூன்று முறை தோன்றுவது. மறுபடி மறுபடி நிறுவியவர்களின் கணினியில் ‘காப்பி 1’ என்ற ஒட்டுப்பெயருடன் நகல்கள் சேர்ந்திருக்கும். அவற்றில் ஒன்றுதான் உயிருள்ளது. மற்றவை இறந்த போர்ட்களைப் பிடித்துக்கொண்டிருப்பவை. இயல்பு பிரிண்டராக, அதாவது வேறு எதையும் தேர்ந்தெடுக்காதபோது வேலை போகும் பிரிண்டராக, அமைந்திருப்பது இறந்த நகலாக இருந்தால் கொடுக்கும் ஒவ்வொரு வேலையும் அங்கே போய் முடங்கும். தேவையற்றவற்றை நீக்கிவிட்டு, இயல்பு பிரிண்டரை விண்டோஸே தீர்மானிக்கட்டும் என்ற அமைப்பையும் அணைத்துவிட்டு, சரியானதை நீங்களே இயல்பாக அமைத்துக்கொள்ளுங்கள். அச்சு வேலைகளின் வரிசைச் சாளரத்தில் ‘யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்’ என்பது இருந்தால், அதில் குறி விழுந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

முடங்கிய வேலைகள் வரிசையில் நிற்கும்போது, நீக்கு என்று சொன்னாலும் நீங்காமல் அடம்பிடிப்பது உண்டு. சர்வீசஸ் பட்டியலில், அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ சேவையை நிறுத்தி, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று வரிசையாகத் திறந்து, கடைசிக் கோப்புறைக்குள் இருக்கும் கோப்புகளை மட்டும் அழித்துவிட்டு, சேவையை மீண்டும் தொடங்கினால் வரிசை காலியாகிவிடும். கோப்புறையையே அழித்துவிடக் கூடாது.

கணினியின் பாதுகாப்பு அமைப்புகளும் குறுக்கே நிற்கக்கூடும். ரவுட்டர் மாறியதும் விண்டோஸ் அதைப் புது வலையமைப்பாகக் கருதி ‘பப்ளிக்’ என்று வகைப்படுத்தியிருக்கும். அந்த நிலையில் சுற்றியுள்ள கருவிகளைத் தேடுவது அடைக்கப்பட்டிருக்கும். சொந்த வீட்டு வைஃபை என்றால் அதை ‘பிரைவேட்’ என்று மாற்றலாம். அலுவலக மடிக்கணினிகளில் விபிஎன் (அலுவலக வலையமைப்போடு இணைக்கும் மறைகுறியிட்ட தனிப்பாதை) ஓடிக்கொண்டிருந்தால், எல்லாத் தரவையும் அது அலுவலகத்துக்கே திருப்பிவிடுவதால் அடுத்த அறையில் இருக்கும் பிரிண்டர் எட்டாமல் போகும். விபிஎன்னைச் சற்று நேரம் துண்டித்துவிட்டுப் பிரிண்டரின் வலைப்பக்கத்தைத் திறந்து பார்த்தால் இது உடனே விளங்கிவிடும். வெளியாள் நிறுவனத்தின் ஆன்டிவைரஸில் உள்ள ஃபயர்வாலுக்கும் (வலையமைப்புத் தொடர்புகளை வடிகட்டும் தடுப்புக்கும்) இதே சோதனை பொருந்தும். சோதித்த உடனே அதை மறுபடி இயக்கிவிட வேண்டும், அணைத்துவைத்தே அச்சிடுவது தீர்வல்ல.

இவ்வளவும் செய்து அச்சு வந்துவிட்டால், அது மறுபடி கெடாமல் இருக்க ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ரவுட்டர் தரும் முகவரி நிரந்தரமானது அல்ல. குத்தகைபோல ஒரு கால அளவுக்குக் கொடுக்கப்படுகிறது, பல ரவுட்டர்களில் அது 24 மணி நேரம். பிரிண்டர் சில நாள் அணைந்து கிடந்து மீண்டும் எழும்போது வேறு முகவரி கிடைக்கலாம், அப்போது பழைய கதை திரும்பும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் ஏற்பாடு) பகுதிக்குள் முகவரியை ஒதுக்கிவைக்கும் வசதி இருக்கும். பிரிண்டரின் தாளில் எண்ணும் எழுத்தும் கலந்த 12 இலக்கங்களில் தரப்பட்டிருக்கும் மேக் முகவரியை (MAC, கருவியின் வைஃபை பாகத்துக்கான அடையாள எண்) அங்கே இட்டு, இந்தக் கருவிக்கு எப்போதும் இந்த ஐபி என்று ஒதுக்கிவிடுங்கள். பிரிண்டரிலேயே நிலையான முகவரி இடுவதைவிட இது நல்லது, ஏனெனில் பிரிண்டரில் இட்டால் ரவுட்டருக்கு அது தெரியாது, அதே எண்ணை வேறொரு கருவிக்கும் கொடுத்துவிடக்கூடும்.

இனி, தாளில் 0.0.0.0 அல்லது 169.254 என்று வந்தவர்களுக்கு. உங்கள் சிக்கல் கணினியில் இல்லை, பிரிண்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில் இருக்கிறது. புதிய ரவுட்டர்களோடு பழைய பிரிண்டர்கள் ஒத்துப்போகாததற்கு அடிக்கடி காரணமாக இருப்பது அலைவரிசை. வீட்டுப் பிரிண்டர்களில் மிகப் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்குபவை. 5 கிகாஹெர்ட்ஸ் வலையமைப்பு அவற்றின் பட்டியலில் தோன்றவே தோன்றாது. இப்போதைய ரவுட்டர்கள் இரண்டையும் ஒரே பெயரில் வைத்து, எந்தக் கருவியை எதில் சேர்ப்பது என்று தாமே முடிவு செய்கின்றன. நிறுவும் நேரத்தில் இது பிரிண்டரைக் குழப்பினால், ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்துப் பிரிண்டரை அதில் சேருங்கள். கணினி 5 கிகாஹெர்ட்ஸிலேயே இருக்கலாம். ரவுட்டர் ஒன்றே என்பதால் இரண்டும் ஒரே வலையமைப்புதான். இந்த ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டு கணினியையும் 2.4க்கு இறக்குபவர்கள் வீணாக இணைய வேகத்தை இழக்கிறார்கள்.

அடுத்த காரணம் பாதுகாப்பு முறை. வைஃபையைக் கடவுச்சொல்லால் காக்கும் முறைகளில் புதியதான டபிள்யூபிஏ3 அறிவிக்கப்பட்டது 2018இல். அதற்கு முந்தைய பிரிண்டர்கள் பெரும்பாலும் டபிள்யூபிஏ2 வரைதான் அறியும். ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைந்திருந்தால் கடவுச்சொல் சரியாக இருந்தும் பிரிண்டர் தவறு என்றே சொல்லும். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள், அதிலும் சேராவிட்டால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் முறை. கடவுச்சொல்லே இல்லாத திறந்த வலையமைப்பாக மட்டும் எந்நிலையிலும் மாற்ற வேண்டாம். டபிள்யூபிஎஸ் பட்டன் உள்ள ரவுட்டர் என்றால், அதை அழுத்திய 2 நிமிடங்களுக்குள் பிரிண்டரிலும் வைஃபை இணைப்புப் பட்டனை அழுத்திக் கடவுச்சொல் இடாமலே சேர்த்துவிடலாம்; டபிள்யூபிஏ3 மட்டும் என்ற முறையில் இது வேலை செய்யாது. டபிள்யூபிஎஸ்ஸின் எட்டு இலக்கப் பின் எண் முறையில் உள்ள ஓட்டை 2011லேயே வெளிப்பட்டுவிட்டதால், அந்தப் பின் எண் வசதியை மட்டும் அணைத்தே வைத்திருங்கள்.

இன்னும் சில சிறிய காரணங்கள் உண்டு. நெட்வொர்க் கேபிள் செருகப்பட்டிருந்தால் பல பிரிண்டர்கள் வைஃபையைத் தாமே அணைத்துக்கொள்ளும். ரவுட்டர் தானாகச் சேனல் (2.4 கிகாஹெர்ட்ஸுக்குள் உள்ள எண்ணிட்ட உட்பிரிவு) தேர்ந்தெடுக்கும் அமைப்பில் 12 அல்லது 13க்குப் போய்விட்டால், 11 வரை மட்டுமே கேட்கக்கூடிய பிரிண்டர் அதைக் காணாது. 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை நிலையாக அமைத்துவிடுங்கள். வைஃபை கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பிரிண்டரின் குட்டித் திரையில் தவறவிடுவது மிக எளிது. புதிய ரவுட்டரில் பழைய வைஃபை பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே அமைத்துவிட்டால், பாதுகாப்பு முறையும் ஒத்துப்போகும் பட்சத்தில், பிரிண்டர் உட்பட வீட்டில் உள்ள அத்தனை கருவிகளும் தாமாகவே வந்து சேர்ந்துவிடும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ரவுட்டர் மாற்றப்போகிறவர்கள் முதலிலேயே இதைச் செய்துவிடலாம்.

பிரிண்டருக்கும் முகவரி இருக்கிறது, கணினிக்கும் இருக்கிறது, முதல் மூன்று எண்களும் பொருந்துகின்றன, விபிஎன்னும் இல்லை, ஆயினும் ‘பிங்’ பதில் வரவில்லை என்றால், ரவுட்டரில் ‘ஏபி ஐசொலேஷன்’ அல்லது ‘கிளையன்ட் ஐசொலேஷன்’ என்ற அமைப்பு இயங்குகிறதா என்று தேடுங்கள். அது வைஃபை கருவிகள் இணையத்தை மட்டும் அடைய விட்டு, ஒன்றையொன்று அடைய விடாமல் தடுக்கும்.

ஆப்பிளின் மேக் கணினி வைத்திருப்பவர்கள், பிரிண்டர் பட்டியலிலிருந்து பழையதை நீக்கிவிட்டு, சேர்க்கும் சாளரத்தில் ஐபி தாவலுக்குப் போய் முகவரியை நேராக இட்டுச் சேர்க்கலாம். நெறிமுறையாக, பல நிறுவனப் பிரிண்டர்களுக்கும் பொதுவான ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி இருந்தால் போதும், தனி டிரைவர் வேண்டியதில்லை. 2024இல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயாவிலிருந்து, உள்ளூர் வலையமைப்பை அணுகச் செயலிகளுக்குத் தனி அனுமதி வேண்டும். தயாரிப்பாளரின் செயலி பிரிண்டரைக் கண்டுபிடிக்க மறுத்தால், தனியுரிமை அமைப்புகளில் ‘லோக்கல் நெட்வொர்க்’ பகுதியில் அந்தச் செயலிக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

டிரைவருக்கு வருவோம். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் ‘விண்டோஸ் ப்ரொடெக்டட் பிரிண்ட் மோடு’ என்ற அமைப்பு வந்திருக்கிறது. அதை இயக்கினால் தயாரிப்பாளர்களின் டிரைவரோடு இயங்கிய பிரிண்டர்கள் நீக்கப்படும், மோப்ரியா சான்று (தயாரிப்பாளரின் டிரைவர் இல்லாமலே இயங்கும் என்பதற்கான சான்று) பெற்றவை மட்டுமே மறுபடி சேரும். பிரிண்டர் பட்டியலிலிருந்தே மறைந்துபோயிருந்தால் இதைப் பாருங்கள். மற்றபடி, வலைப்பக்கம் திறந்து, போர்ட்டும் சரியாக இருந்து, வேலை போய்ச் சேர்ந்தும் வெற்றுத்தாளோ புரியாத எழுத்துகளோ வந்தால்தான் டிரைவரை மாற்றுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. பிரிண்டரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவதும் அப்படியே: அது வைஃபை விவரங்களையும் மற்ற அமைப்புகளையும் அழித்துவிடும் என்பதால், சரியான கடவுச்சொல், சரியான அலைவரிசை, சரியான பாதுகாப்பு முறை எல்லாம் இருந்தும் ரவுட்டரோடு சேர மறுக்கும்போது மட்டும் செய்யுங்கள். அதற்குப் பிறகும், ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தும் சேரவில்லை, ஒரு கைபேசி ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயக்கி அதோடு இணைத்துப் பார்த்தும் சேரவில்லை என்றால் பிரிண்டரின் வைஃபை பாகமே பழுதடைந்திருக்க வாய்ப்பு அதிகம். நெட்வொர்க் துளை உள்ள பிரிண்டராக இருந்தால் கேபிள் வழியாக ரவுட்டரோடு இணைத்து, மேலே சொன்னபடி ஐபி போர்ட் அமைத்து, எல்லாக் கருவிகளிலிருந்தும் வழக்கம்போல அச்சிடலாம். அது இல்லாதவற்றை ஒரு கணினியோடு யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அந்தக் கணினியிலிருந்து மற்றவற்றுக்குப் பகிர்ந்துகொள்ளலாம்.